எண்ணுக்குக் கீழே கையெழுத்து: விஞ்ஞானப் பட்டதாரியிடம் கேட்கப்படுவது என்ன?

பட்டதாரி நியமனம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கும். "பட்டம் இருக்கிறது, திறன் இல்லை" என்பது ஒன்று. "நாலு வருஷம் கஷ்டப்பட்டுப் படித்தவனுக்கு இன்னும் என்ன திறன் வேண்டுமாம்?" என்பது மற்றது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அதற்குப் பிறகு நியமனங்கள் வந்தன, போயின. வாக்குவாதம் மட்டும் அப்படியே நிற்கிறது. எந்தத் திறன், எவ்வளவு, அதை யார் எப்படிச் சோதித்தார் என்று இரு பக்கமும் கேட்பதில்லை.

இக்கட்டுரை விஞ்ஞானப் பட்டதாரியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திலிருந்தும், சம்மாந்துறையில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலிருந்தும் ஆண்டுதோறும் வெளிவருபவர்களிடம் ஒரு தொழில்தருநர் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதுதான் கேள்வி.

ஆவணம் சொல்வது

இலங்கையில் பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் அடிப்படை ஆவணம் இலங்கைத் தகைமைச் சட்டகம். 2012இல் வெளிவந்து 2015இல் திருத்தப்பட்டது. சாதாரண தரத்திலிருந்து கலாநிதிப் பட்டம் வரை 12 மட்டங்கள் அதில் உண்டு. மூன்று ஆண்டுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 திறமைப்புள்ளிகள். நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 திறமைப்புள்ளிகள்.

திறமைப்புள்ளிக் கணக்கைச் சரியாக விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு திறமைப்புள்ளி என்பது மாணவர் செலவிட வேண்டிய 50 மணி நேரம். விரிவுரையாகவே நடக்கும் பாடமென்றால் அதில் ஏறத்தாழ 15 மணி நேரம்தான் வகுப்பறையில் கழியும். அப்படியானால் மூன்று புள்ளிப் பாடத்துக்கு மொத்தம் 150 மணி, வகுப்பில் 45 மணி. எஞ்சிய 105 மணி நேரமும் வாசிப்பு, கணக்குச் செய்தல், அறிக்கை எழுதுதல், குழுவேலை என்று மாணவர் தாமே செலவிட வேண்டியது. அந்த 105 மணி நேரத்தை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய இரண்டு வாரத்தில் கடந்த கால வினாத்தாள்களைப் புரட்டித் தேறிவிட முடிகிறது என்றால், பட்டச் சான்றிதழில் 90 புள்ளிகள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் இருக்க வேண்டிய 4500 மணி நேரம் இராது. "திறன் இல்லை" என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்குமானால், அது பெரும்பாலும் இந்த இடைவெளியிலேயே இருக்கிறது.

பட்டதாரி அடைய வேண்டிய பேறுகளாக இதே சட்டகம் 12 வகைகளைச் சொல்கிறது. பாட அறிவு, செய்முறை அறிவு, தொடர்பாடல், குழுவேலையும் தலைமைத்துவமும், ஆக்கத்திறனும் பிரச்சினை தீர்த்தலும், முகாமைத்துவம், தகவலைக் கையாளல், சமூகத் தொடர்பு, மாற்றத்துக்கு இசைதல், மனப்பாங்கும் தொழில்நெறியும், வாழ்க்கை நோக்கு, தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருத்தல். நல்ல பட்டியல்தான். ஆனால் இதில் முதல் இரண்டைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், தமிழ் சிறப்புப் பட்டதாரிக்கும் வணிகமாணிப் பட்டதாரிக்கும் அப்படியே பொருந்தும். வேலை விளம்பரங்களிலும் இதே நிலை: "சிறந்த தொடர்பாடல் திறன், குழுவாக இயங்கும் ஆற்றல்" என்று எழுதாத விளம்பரம் இல்லை. அப்படியானால் விஞ்ஞானப் பட்டதாரியைத் தனியாக ஏன் தேட வேண்டும்?

விஞ்ஞானப் பட்டதாரிக்கு மட்டும் உரியது

ஒரு பெறுமானத்தை அளந்து பெறுவது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்வது, அதன் கீழே கையெழுத்திடுவது, யாராவது "எப்படி?" என்று கேட்டால் முதலிலிருந்து விளக்கிக் காட்டுவது. இந்த நான்கும் சேர்ந்த ஒன்றுதான் அவரிடம் எதிர்பார்க்கப்படும் மையத் திறன். பாட அறிவு இதற்கு அடித்தளம். நேர்மை, எழுத்து, குழுவேலை எல்லாம் இதிலிருந்து பிறப்பவை. மூன்று உதாரணங்களால் இதை விளக்கலாம். மூன்றும் உயர்தர வகுப்புக் கணக்கைத் தாண்டாதவை. வேலைத்தலத்தில் பிழையாகிப் போகிறவையும் பெரும்பாலும் இவைதாம்.

*1. நெல்லின் ஈரப்பதன்*

களஞ்சியப்படுத்தும் நெல்லில் ஈரப்பதன் 14 வீதத்தைத் தாண்டக் கூடாது. அம்பாறையில் ஓர் ஆலை 20 வீத ஈரப்பதனில் 1000 கிலோகிராம் நெல் வாங்கி 14 வீதத்துக்கு உலர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு மிஞ்சும்? 20இலிருந்து 14ஐக் கழித்து, 6 வீதம் குறையும், 940 கிலோகிராம் என்று சொல்பவர்களே அதிகம். அது தவறு.

மாறாமல் இருப்பது உலர்ந்த திண்மம். 1000 கிலோகிராமில் 20 வீதம் நீரென்றால் திண்மம் 800 கிலோகிராம். உலர்த்திய பின் இந்த 800 கிலோகிராம் மொத்தத்தின் 86 வீதமாக இருக்க வேண்டும். 800ஐ 0.86ஆல் வகுத்தால் ஏறத்தாழ 930.2 கிலோகிராம். இழப்பு 60 அல்ல, 69.8. நூறு மெற்றிக் தொன்னில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு தொன் நெல். பெரும்போக அறுவடைக் காலத்தில் ஆலைக் கணக்கில் "நெல் காணவில்லை" என்று காவலாளியைச் சந்தேகிப்பதற்கு முன் இந்த வகுத்தலைச் செய்து பார்ப்பது நல்லது.

கணக்கு சரியானாலும் அளவீடு பிழைக்கலாம். உலர்த்தியிலிருந்து இறங்கிய சூடான நெல்லைக் கையடக்க ஈரப்பதன்மானியில் உடனே போட்டால் வாசிப்பு தவறும். மானியில் வேறு தானியத்துக்குரிய அமைப்பு இருந்தாலும் அப்படியே. சந்தேகம் வந்தால் அரைத்த மாதிரியை 130 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, நிறை இழப்பைக் கண்டு மானியைச் சரிபார்க்க வேண்டும். மூடையின் வாயருகே கைபிடி அள்ளி அளப்பது மாதிரி எடுப்பதாகாது. பல மூடைகளின் நடுப்பகுதியிலிருந்து எடுத்துக் கலந்து பிரித்தால்தான் அந்தக் கையளவு நெல் லொறி நெல்லுக்காகப் பேசும்.

*2. கிணற்று நீரில் நைத்திரேற்று*

கரையோர மணற்பாங்கான ஊர்களில் கிணறு ஆழமற்றது. நீர் மண்ணில் வேகமாக இறங்கும். மலசலகூடக் குழியும் பசளையிட்ட தோட்டமும் அருகிலிருந்தால் நைத்திரேற்று கிணற்றுக்கு வந்துசேரும். குடிநீருக்கான இலங்கைத் தரநிர்ணயம் எஸ்.எல்.எஸ். 614, அதன்படி நைத்திரேற்றின் உச்ச அளவு இலீற்றருக்கு 50 மில்லிகிராம்.

கருவி 12 என்று காட்டுகிறது. நீர் நல்லதா? அறிக்கையில் "12, எல்லைக்குள் உள்ளது" என்று எழுதிவிடத் தோன்றும். கருவி நைத்திரேற்றைக் காட்டுகிறதா, நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் காட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நைத்திரேற்று அயனின் சார்மூலக்கூற்றுத் திணிவு 62, நைதரசனுடையது 14, விகிதம் 4.43. 12 என்பது நைதரசனாக இருந்தால் நைத்திரேற்று 53. எல்லையைத் தாண்டிவிட்டது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டில் இது வெறும் அலகுப் பிரச்சினை அல்ல: குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும் நோய்க்கு அதிக நைத்திரேற்று ஒரு காரணம்.

பக்றீரியாச் சோதனையில் இன்னொரு பொறி இருக்கிறது. குளோரீன் இட்ட குழாய்நீரைப் போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்போது, போத்தலுக்குள் சோடியம் தயோசல்பேற்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சக் குளோரீன் பயணம் முழுவதும் பக்றீரியாக்களைக் கொன்றுகொண்டே வரும். ஆய்வுகூடத்தில் நீர் "சுத்தம்" என்று முடிவு வரும். மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும். பொத்துவிலில் காலை எடுத்த மாதிரி மட்டக்களப்பு வெயிலில் வாகனத்துக்குள் பிற்பகல் வரை கிடந்தால், அதற்குப் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கருவியைக் கொண்டு சோதித்தாலும் பயனில்லை.

*3. கரைசலின் செறிவு*

சோடியம் ஐதரொட்சைட்டில் 4.00 கிராம் நிறுத்து ஓர் இலீற்றராக்கினால் 0.1 மோலர் கரைசல் கிடைக்கும் என்று பாடப்புத்தகக் கணக்கு சொல்லும். சிட்டையில் "0.1" என்று எழுதி இறாக்கையில் வைத்துவிடுவார்கள். சோடியம் ஐதரொட்சைட்டு வளியிலிருந்து ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் உறிஞ்சும். நிறுக்கும்போதே நிறை மாறிக்கொண்டிருக்கும். நம்மூர் ஈரக்காற்றில் சொல்லவே வேண்டாம். ஆகவே தூய, நிலையான ஒரு பதார்த்தத்துக்கு எதிராக அதை நியமிக்க வேண்டும், அதாவது அதன் உண்மையான செறிவைக் கண்டறிய வேண்டும். வழமையாகப் பயன்படுவது பொற்றாசியம் ஐதரசன் தலேற்று: அதில் 0.5105 கிராம், சரியாக 0.1 மோலர் கரைசலின் 25.00 மில்லிலீற்றரைச் செலவழிக்கும். 25.60 செலவானால் கரைசல் 0.0977 மோலர். சிட்டையில் அந்தப் பெறுமானமும், நியமித்த திகதியும், செய்தவரின் பெயரும் இருக்க வேண்டும்.

இந்த மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. தவறான விடையும் சரியான விடையும் பார்ப்பதற்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். 940, 12, 0.1 ஆகியவை நேர்த்தியான எண்கள். எதுவும் வெடிக்காது, புகையாது. அதைப் பார்த்ததும் "இரு, இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் பழக்கத்துக்குத்தான் நிறுவனம் சம்பளம் கொடுக்கிறது.

செய்முறை வகுப்பில் எங்கே பிழைக்கிறது

இந்தப் பழக்கம் வர வேண்டிய இடம் ஆய்வுகூடம். நடப்பதோ பெரும்பாலும் சமையற்குறிப்பு முறை: தாளில் படிகள் இருக்கும், கரைசல்கள் முன்கூட்டியே தயாராக இருக்கும், வர வேண்டிய விடையும் சீனியர் மாணவரின் பழைய அறிக்கையில் இருக்கும். உபகரணப் பற்றாக்குறை உண்மைதான். கரைசலின் நிறச்செறிவை அளக்கும் ஒரு நிறமானியைச் சுற்றி எட்டுப் பேர் நின்றால் ஒருவர் அழுத்துவார், ஏழு பேர் எழுதுவார்கள். ஆனால் கீழுள்ளவற்றுக்கு உபகரணம் காரணமல்ல.

1. வெற்று மாதிரியை விட்டுவிடுதல். மாதிரி இல்லாமல் தாக்குபொருள்களை மட்டும் வைத்து அளந்தால்தான் கருவியும் இரசாயனமும் தாமாகக் காட்டும் அளவு தெரியும். அதைக் கழிக்காத முடிவு பெரும்பாலும் மிகையாகவே இருக்கும்.

2. நியம வரைபைத் தாண்டிச் செல்லுதல். 2 முதல் 10 வரையான நியமங்களால், அதாவது செறிவு தெரிந்த கரைசல்களால், கோடு வரைந்துவிட்டு, 23 வரும் மாதிரியை அக்கோட்டை நீட்டி வாசிக்கிறார்கள். 10க்கு அப்பால் கோடு வளைகிறதா என்று எவருக்கும் தெரியாது. மாதிரியை ஐதாக்கி மீண்டும் அளக்க வேண்டும்.

3. சிறிய கனவளவில் நியமித்தல். கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் குழாயான அளவியின் ஒவ்வொரு வாசிப்பிலும் 0.05 மில்லிலீற்றர் வழு வரலாம். தொடக்கம், முடிவு இரண்டையும் சேர்த்தால் உச்சம் 0.1. வாசிப்பு 25 மில்லிலீற்றர் என்றால் இது 0.4 வீதம், 5 மில்லிலீற்றர் என்றால் 2 வீதம். அளவியைத் திறக்கும் முன்பே தீர்மானிக்கக்கூடிய விடயம் இது.

4. தசம இடங்களை அளவின்றி எழுதுதல். கணிப்பான் காட்டிய 0.097656ஐ அப்படியே எழுதுபவர், தாம் அளக்காததையும் அளந்ததாகச் சொல்கிறார்.

5. ஒத்து வருவதைச் சரி என்று எண்ணுதல். மூன்று தடவையும் 18.2 வந்தால் அளவீடு சீரானது என்பதே தெரியும். உண்மைப் பெறுமானத்துக்கு அருகில் இருக்கிறது என்று ஆகாது. தராசே வழுவுள்ளதென்றால் மூன்று தடவையும் அதே வழு வரும். பெறுமானம் தெரிந்த ஒரு மாதிரியை இடையில் வைத்து அளப்பதே மருந்து.

ஐந்தாவதை விளங்கிக்கொண்டவர் ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தரநியமத்தை வாசித்தால் மிரள மாட்டார். பரிசோதனை ஆய்வுகூடங்களின் தகுதிக்கான சர்வதேசத் தரநியமம் அது. கருவிகளின் அளவுத்திருத்தம், அளவீட்டின் ஐயப்பாடு, பதிவுகள், பணியாளரின் தகுதி என்று அது கேட்பவற்றில் பெரும்பகுதி மேலுள்ள ஐந்தின் முறைப்படுத்திய வடிவமே. தனியார் ஆய்வுகூட நேர்முகத்தில் அதைப் பற்றி நாலு வசனம் சொல்லத் தெரிந்தவர் அறையில் தனித்துத் தெரிவார்.

தரவு: பத்து மாதிரி என்பது பத்து அல்லாதபோது

இறுதியாண்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை இது. ஒரு கிணற்றிலிருந்து பத்துப் போத்தல் எடுத்துவிட்டு "பத்து மாதிரிகள்" என்று எழுதுவது. அந்தப் பத்தும் அந்த ஒரு கிணற்றைப் பற்றியே பேசும், ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பத்துக் கிணறு வேண்டும். புள்ளிவிபர மென்பொருளுக்கு இது தெரியாது. அது மறுக்காமல் ஒரு விடை தரும்.

மட்டக்களப்பு வாவியில் இன்னொரு சிக்கல் பருவகாலம். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை கொட்டுகிறது. வெள்ளநீர் இறங்கி வாவியின் உவர்த்தன்மை சரிகிறது. முகத்துவாரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கடல்நீர் புகுவதும் மாறும். ஆகஸ்டில் அளந்த உவர்த்தன்மையையும் டிசம்பரில் வேறொருவர் அளந்ததையும் பக்கத்தில் வைத்து "வாவி மாசடைந்து வருகிறது" அல்லது "மீண்டு வருகிறது" என்று முடிவு எழுதினால் அது மழையை அளந்த கதையாகும். இறால் பண்ணைக்காரர் இதைப் படிக்காமலே அறிவார். பட்டதாரி அதை எண்ணாலும் காட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

கணினியைப் பொறுத்தவரை எக்செலில் அட்டவணை அமைப்பது, வடிகட்டுவது, வரைபு வரைவது, இடையும் நியம விலகலும் காண்பது ஆகியவை குறைந்தபட்சம். ஆர் அல்லது பைதன் தெரிந்தால் மேலும் நல்லது. எக்செலின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும்: "3-4" என்று மாதிரிக் குறியீடு இட்டால் அதைத் திகதியாக மாற்றிவிடும். மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்களையே இப்படித் திகதியாக்கித் தொல்லை கொடுத்ததால், 2020இல் பெயரிடும் குழு அப்பெயர்களை மாற்ற வேண்டி வந்தது. மூலத் தரவுக் கோப்பை ஒருபோதும் திருத்தாமல் வைத்து, பிரதியில் மட்டும் வேலை செய்வது இதற்கெல்லாம் பாதுகாப்பு.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. மேலே சொன்ன நெல் கணக்கை அவை சரியாகவும் செய்யும், சிலவேளை சரளமாகப் பிழையாகவும் செய்யும். எது எப்போது என்று பிரித்தறியத் தெரிந்தவருக்கு அது கருவி.

எழுத்தும் மொழியும்

உயர்தரம் வரை தமிழில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் தொடர்ந்து, பிறகு மக்களிடம் தமிழிலும் மேலதிகாரியிடம் ஆங்கிலத்திலும் அம்பாறைக் கச்சேரியில் சிங்களத்திலும் பேச வேண்டியவர் நம் பட்டதாரி. இதை ஒரு குறையாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இந்த மூன்று தளத்திலும் ஒரே விடயத்தைச் சொல்லத் தெரிந்தவருக்கு இணையான ஆள் கொழும்பில் எளிதில் கிடைக்க மாட்டார். அரச சேவையில் நுழைபவர் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற விதி ஏற்கனவே இருக்கிறது. நியமனம் கிடைத்தபின் அவசரமாகப் படிப்பதைவிடப் பல்கலைக்கழக நாட்களிலேயே தொடங்குவது இலேசு.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் என்பதைத் தமிழ்ப் பேராசிரியராக மட்டும் அவரை அறிந்தவர்கள் மறந்துவிடுவதுண்டு. 1936இல் சென்னையில் நடந்த தமிழ்க் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தை ஊர்மொழியில் சொல்வது இரண்டாந்தர வேலை என்று எண்ணுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

தொழில்தருநர் கேட்கும் "தொடர்பாடல் திறன்" நடைமுறையில் ஒரு பக்க அறிக்கை. அதன் ஒழுங்கு பரீட்சை விடைக்கு நேர்மாறானது. பரீட்சையில் கோட்பாடு முதலில், முடிவு கடைசியில். வேலையில் முடிவு முதலில்: "சோதித்த 12 கிணறுகளில் 4இல் நைத்திரேற்று எல்லையைத் தாண்டியுள்ளது, இந்த நான்கின் நீரைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்." அடுத்து எப்படி அளக்கப்பட்டது, எவ்வளவு நம்பலாம், அடுத்து என்ன செய்ய வேண்டும். அட்டவணை பின்னிணைப்பில். பிரதேச சபைத் தவிசாளருக்கு நிறமானியின் அலைநீளம் வேண்டாம். அதே அறிக்கையைத் தமிழில் எழுதும்போது "கொதிக்க வைத்தால் சரியாகுமா?" என்ற கேள்விக்கும் விடை இருக்க வேண்டும். ஆகாது, நீர் ஆவியாக நைத்திரேற்றின் செறிவு கூடும். மக்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

நேர்மை ஒரு செய்முறைத் திறன்

நேர்மையைக் குணம் என்று மட்டும் பார்ப்பதால் அதை யாரும் கற்பிப்பதில்லை. ஆய்வுகூடத்தில் அதற்குத் திட்டவட்டமான வடிவம் உண்டு. குறிப்பேட்டில் பேனாவால், அளந்த அந்தக் கணமே எழுத வேண்டும். பிழையை ஒற்றைக் கோட்டால் வெட்டி, பழைய எண் தெரியும்படி விட்டு, அருகில் சுருக்கொப்பமும் திகதியும் இட வேண்டும். வெள்ளை மை கூடாது, பக்கம் கிழிக்கக் கூடாது. பொருந்தாத வாசிப்பையும் எழுதிவைத்து, அதை விலக்கினால் காரணத்தையும் எழுத வேண்டும்.

செய்முறை அறிக்கைக்கு "சரியான விடை" வந்தால்தான் புள்ளி என்று ஒரு பாடத்தை நடத்தினால், மாணவர் கற்பது எண்ணைச் சமைக்கத்தான். எதிர்பாராத விடையை நேர்மையாக எழுதி, ஏன் அப்படி வந்திருக்கலாம் என்று ஆராய்ந்தவருக்குக் கூடுதல் புள்ளி கொடுப்பது இக்கட்டுரை கேட்கும் ஒரே பாடத்திட்ட மாற்றம். அதற்குப் புதிய கட்டடமோ நிதியோ வேண்டியதில்லை.

வகுப்பும் புள்ளியும் எதைச் சொல்லும்?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பொது அளவுத்திட்டத்தில் சராசரித் தரப்புள்ளி 3.70 முதல் வகுப்பு, 3.30 இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 கீழ்ப்பிரிவு. நான்காண்டு ஒழுங்காக உழைத்தாரா என்பதற்கு இது நல்ல சான்று. விரிவுரையாளர் பதவிக்கும் பட்டப்பின் படிப்புக்கும் இது தீர்மானகரமானது. ஆனால் 3.29க்கும் 3.30க்கும் இடையிலான வித்தியாசம் மேலே பேசிய அளவீட்டு வழுவுக்குள் அடங்கிவிடும். எல்லைக் கோட்டை எங்காவது போட்டாக வேண்டும் என்பதால் போடப்பட்டது. அனுபவமுள்ள தொழில்தருநர் வகுப்பைப் பார்த்துவிட்டு உடனே கேட்பது "இறுதியாண்டு ஆய்வு என்ன, அதில் எது பிழைத்தது?" என்பது. எதுவும் பிழைக்கவில்லை என்று சொல்பவர் தாமே செய்யவில்லை என்று கணிப்பார்.

கிழக்கில் இது எங்கே தேவைப்படுகிறது

நீர் வழங்கல், வைத்தியசாலை மற்றும் தனியார் ஆய்வுகூடம், அரிசி ஆலை, பால் பதனிடல், ஹிங்குராணைச் சீனி ஆலை, நீர்வாழ் உயிரின வளர்ப்பு, பாடசாலை. இவற்றில் அதிகம் பேரை உள்வாங்குவது பாடசாலைதான். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கணித, விஞ்ஞான ஆசிரியர் தட்டுப்பாடு நெடுநாள் பேச்சு. ஆசிரியராகப் போகும் பட்டதாரிக்கு இந்தத் திறன்கள் எதற்கு என்று கேட்கலாம். ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கும் பாடசாலையில் வினாகிரியும் பேக்கிங் சோடாவும் செவ்வரத்தம்பூச் சாறும் வைத்து அமிலம், காரம், காட்டி மூன்றையும் செய்து காட்டத் துணிபவர், செய்முறையைத் தாமே உணர்ந்து செய்தவராகத்தான் இருப்பார்.

பொதுப் பட்டதாரி நியமனத் திட்டங்களில் இன்னொரு பிரச்சினை இருக்கிறது. விஞ்ஞானப் பட்டதாரி அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பிரதேச செயலகத்தில் அமர்த்தப்பட்டு, படிவம் நிரப்பும் வேலையில் ஐந்தாண்டு இருந்தால் கைப்பழக்கம் கழன்றுபோகும். பிறகு "திறன் இல்லை" என்று அவரைச் சொல்வது நியாயமில்லை. அதே செயலகப் பிரிவில் கிணற்று நீர்ப் பதிவேடு, டெங்கு நுளம்புக் கணக்கெடுப்பு, வெள்ளச் சேத மதிப்பீடு என்று அளவீடு தேவைப்படும் வேலைகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. அங்கே பணியாற்றுபவர்கள் கேட்டு வாங்கக்கூடிய பொறுப்புகள் இவை.

இரண்டாம் ஆண்டிலிருந்து செய்யக்கூடியவை

1. ஒவ்வொரு செய்முறைக்கும் முன்னால், வரக்கூடிய விடையின் அளவை மனக்கணக்காக மதிப்பிட்டு எழுதிவிட்டுத் தொடங்குங்கள். வந்தது பத்து மடங்கு விலகினால் அப்போதே தெரியும்.

2. பருவத்துக்கு ஒரு கரைசலையாவது நிறுப்பதிலிருந்து சிட்டை வரை நீங்களே தயாரிக்க அனுமதி கேளுங்கள். ஆய்வுகூட உதவியாளர்கள் மறுப்பதில்லை. அவர்களுக்குத் தெரிந்த கைநுணுக்கம் பல விரிவுரைக் குறிப்புகளில் இராது.

3. விடுமுறையில் சம்பளமில்லாவிட்டாலும் நான்கு வாரம் ஏதாவது ஓர் ஆய்வுகூடத்தில், ஆலையில், பண்ணையில் நில்லுங்கள். சான்றிதழைவிட அங்கே நிரப்பிய பதிவேட்டின் மாதிரிப் படிவம் நேர்முகத்தில் அதிகம் பேசும்.

4. ஆய்வுத் தலைப்பை மேற்பார்வையாளர் கொடுக்கும்வரை காத்திருக்காமல், உங்கள் ஊரில் யாராவது விடை தேடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியோடு போங்கள். தெரிந்த கருவிகளைக் கொண்டு, ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் உள்ளடக்கி முடிக்கக்கூடியதா என்று முன்பே பாருங்கள்.

5. சுயவிபரக் கோவையில் "சிறந்த குழுச் செயற்பாட்டாளர்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் எதை அளந்தீர்கள், எத்தனை மாதிரி, எந்தக் கருவி, எவ்வளவு வழு என்று எழுதுங்கள். உதாரணமாக: "மூன்று பேர் குழுவில் 30 கிணறுகளின் நைத்திரேற்றை நிறமானியால் அளந்தோம், நியமங்கள் தயாரித்தது நான், மீளளவீட்டு விலகல் 4 வீதம்." குழுவேலை அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது, வாசிப்பவர் அடுத்த கேள்வியையும் அதிலிருந்தே கேட்பார்.